அப்பா வயிற்றில் மருந்து

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் எங்கள் அப்பா சோற்றைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தார். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் அவருக்குச் சூளை வேலை. மின்சார பியூஸ் செருகுகிற வெள்ளைப் பீங்கான் கட்டைகளைச் சூளைக்குள் அடுக்கி, வெந்ததும் இறக்க வேண்டும். நாளெல்லாம் நெருப்புக்குப் பக்கத்தில் நின்ற மனிதர், வீட்டுக்கு வந்து ஒரு கரண்டி ரசத்துக்குப் பயந்தார்.

நெஞ்சுக்குழியில் எரிகிறது என்றார். புளித்த ஏப்பமாக விட்டார். படுத்தால் தொண்டைவரை எதுவோ ஏறி வருகிறது என்று எழுந்து சுவரில் சாய்ந்துகொள்வார். அம்மா முதலில் காரத்தைக் குறைத்தாள், பிறகு புளியை. குழம்பு வெளுத்துக்கொண்டே வந்ததே தவிர எரிச்சல் குறையவில்லை. "சாப்பாட்டுலதான் என்னமோ இருக்குது" என்று அப்பா ஒருநாள் அலுத்துக்கொண்டார். அவர் சொன்னதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. அதற்கு ஒரு நோக்கம் கண்டுபிடித்தவள் அத்தை.

அத்தை அப்பாவுக்கு அக்கா. வேப்பூரில் ஹைவே ஓரமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். லாரிக்காரர்கள் வியர்த்து ஒழுகச் சாப்பிடுவதைப் பார்த்தே பழகியவள். அவள் கணக்கில், தட்டைத் தள்ளிவைக்கிற ஆண்பிள்ளைக்கு யாரோ எதையோ செய்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, ஒனக்கு மருந்து வச்சிருக்காங்கடா."

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு. கடையில் வாங்குவது ஒன்று. ஒருவனைக் கைக்குள் போட்டுக்கொள்ள அவனுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து வைப்பது இன்னொன்று. அது குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்பார்கள். வைத்தது யார் என்று அத்தை சொல்லவில்லை. சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அவளிடம் ஆதாரமும் இருந்தது. எதையும் அக்காவைக் கேட்டே செய்கிற தம்பி, அந்த வருடம் அவளைக் கேட்காமல் பெண்ணான என்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தார்.

அன்று சாயங்காலமே சமையல்கட்டு அலமாரியில், பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒரு காகிதப் பொட்டலம் அத்தைக்கு அகப்பட்டது. பிரித்தால் பழுப்பு நிறத்தில் பொடி.

"ஓமமும் சீரகமும் வறுத்துப் பொடிச்சது அண்ணி. நெஞ்சு எரியுதுன்னாரு, மோர்ல கலந்து குடுக்குறேன்" என்றாள் அம்மா.

"அத எதுக்கு ஒளிச்சு வைக்கிற?"

"ஒளிக்கலைங்க அண்ணி. எறும்பு வருது, அதான்."

அத்தை மோந்து பார்த்தாள். ஓம வாசனை எனக்கே வந்தது. அவளுக்கு வரவில்லை போலிருக்கிறது, பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நானும் அம்மாவைச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு கவளத்தையும் மென்று விழுங்கிவிட்டு, நெஞ்சு எரிகிறதா என்று காத்திருப்பேன். காத்திருந்தால் எரியத்தான் செய்தது. ஒருநாள் அம்மா சோறு போட்டுக் குழம்பு ஊற்றியதும் அப்பா கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நீ ஒரு வாய் சாப்புடு" என்றார்.

"எனக்கு இன்னும் பசிக்கலைங்க."

"பரவால்ல, சாப்புடு."

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். பிறகு குனிந்து, அவர் தட்டிலிருந்தே ஒரு கவளம் எடுத்து நின்றபடி விழுங்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்தது. ஆக, சோற்றில் ஏதோ இருப்பது உறுதி என்று நான் முடிவு செய்தேன்.

எங்கள் மாவட்டத்து மங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் மருந்து எடுக்கிற அம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டு அத்தை அப்பாவைக் கூட்டிப்போனாள். பஸ் என்றதும் நானும் தொற்றிக்கொண்டேன். அந்த அம்மா பச்சையாக ஏதோ சாறு கொடுத்தாள், வயிற்றைப் பிசைந்தாள். அப்பா குடல் வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தார். அவள் வாந்தி பிடித்த பேசினுக்குள் கையை விட்டுத் துழாவி, கோலிக்குண்டு அளவில் கறுப்பாக ஓர் உருண்டையை எடுத்துக் காட்டினாள். நான் என் கண்ணால் பார்த்தேன். அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

மருந்து எடுத்த வயிற்றுக்குக் கஞ்சியைத் தவிர வேறெதுவும் ஆகாது என்று அவள் சொல்லியிருந்தாள். கஞ்சி குடித்தவரைக்கும் அப்பா நன்றாகவே இருந்தார். அதைப் பார்த்த அத்தை, இதுவரை சமைத்துப் போட்ட கையின் சாப்பாடு கொஞ்சநாள் வேண்டாம் என்று அவரை வேப்பூருக்கே அழைத்துக்கொண்டாள். அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினார். அத்தை வீட்டில் பரோட்டாவும் சால்னாவும் ஆட்டுக்கறியும் போட்டுத் தம்பியைத் தேற்றினார்கள்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் அத்தையிடமிருந்து போன். சந்தோஷம் தாங்காத குரல், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. மிச்சமிருந்த மருந்தும் வெளியே வருகிறதாம், தம்பி கறுப்பு கறுப்பாக வாந்தி எடுக்கிறானாம். அம்மா போனை வைத்தாள். அடுப்பை அணைத்தாள், வீட்டைப் பூட்டினாள், என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.

கடைக்குப் பின்னால் பெஞ்சில் அப்பா படுத்திருந்தார். அவர் முகம் சுடாத பீங்கான் மாதிரி வெளிறியிருந்தது. பக்கத்தில் இருந்த வாளியில், வடிகட்டிய காப்பித்தூளைக் கொட்டிவைத்தது போல் இருந்தது. அம்மா அவர் கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கினாள்.

"இப்ப தூக்குனா எல்லாம் பாதியில நின்னுடும்டி" என்று அத்தை மறித்தாள்.

அம்மா குரல் உயர்த்திப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அன்றும் அவள் உயர்த்தவில்லை. "நின்னா நிக்கட்டும் அண்ணி. நான் வச்சத நானே எடுத்துக்குறேன்" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த வேன் டிரைவர் ஒருவர் பாதித் தட்டில் எழுந்து கை கழுவினார். அவர் வண்டியில்தான் கடலூர் போனோம்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் வாய்வழியே விளக்கு வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் வெளியே வந்ததும் அம்மா முதலில் கேட்டது, பிழைப்பாரா என்றல்ல.

"உள்ள ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்குதுங்களா சார்?"

"ஒண்ணும் ஒட்டலம்மா. இரைப்பை பூரா அழற்சி. அங்கங்க புண்ணாயி ரத்தம் கசிஞ்சிருக்கு. நல்லவேளை, வந்துட்டீங்க."

மறுநாள், அப்பா பேசுகிற அளவுக்குத் தேறியதும், வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுவீர்கள் என்று டாக்டர் கேட்டார். அப்பா சுவரைப் பார்த்தார். இடுப்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிக்கொள்வாராம். தினமும் சூளைக்குப் போகும் முன் வெறும் வயிற்றில், டீயோடு. சூளைக்கு மாற்றின நாளிலிருந்து அப்படித்தானாம். வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா வயிற்றில் மருந்து இருந்தது உண்மைதான். அதை வைத்தவர் அப்பா.

குணமாவது அத்தனை சீக்கிரம் நடக்கவில்லை. வலி மாத்திரை போனது, டீ போனது. காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு ஒரு மாத்திரை, பிறகு இரண்டு இட்லி. வயிறு முட்டச் சாப்பிட்டவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட்டார். விளக்கு வைத்ததுமே இரவுச் சாப்பாடு, அதன்பின் படுக்காமல் ஸ்டேஷன் ரோட்டில் நடை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே சூளைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். அதை ஏதோ மந்திரக் கட்டு என்று நினைத்து நான் தாண்டாமல் சுற்றிப் போவேன். கம்பெனியில் சொல்லி, குனிந்து தூக்குகிற வேலையிலிருந்து உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறினார். இடுப்புக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள்.

நடுவில் ஒருநாள் திரும்பவும் எரிந்தது. அப்பா நெஞ்சைத் தடவியதும், நானும் அவரும் எங்களை அறியாமல் குழம்புச் சட்டியைப் பார்த்தோம். அம்மா அதைக் கவனித்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, வேலையிடத்தில் டீ குடித்துவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

ஆறேழு மாதத்தில் அவர் தேறிவிட்டார். கன்னம் நிரம்பியது. அத்தை வந்தாள், அம்மா சமைத்ததைச் சாப்பிட்டாள், பொட்டலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. "புளி கம்மியா இருந்தாலும் நல்லாத்தான் இருக்குது" என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. அடுப்பைப் பற்றவைத்ததும் என்னைக் கூப்பிடுவாள். வீட்டுப்பாடம் இருந்தாலும் விளையாட்டு இருந்தாலும் சமையல்கட்டில் வந்து உட்கார வேண்டும். அவள் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, கையில் எடுத்ததை என் முகத்துக்கு நேராக நீட்டுவாள். "பாத்துக்க, உப்பு." "பாத்துக்க, மல்லித்தூளு." நான் தலையாட்டிய பிறகே சட்டியில் போடுவாள். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை இப்படியே நடந்தது.

பெண்பிள்ளை ஆயிற்றே, சமையல் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.