வாடைக்கு முன் வேயாத கூரை

கொல்லிமலையிலிருந்து மிளகு மூட்டையோடு சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்கிய ஒருவர், போன வாரம் என் வீட்டு வாசலில் நின்று, "சடையன் போயிட்டாருங்க. குளிர்காச்சல். நாலே நாள்தானுங்க" என்றார். அடக்கம் முடிந்து ஒன்பது நாளாகியிருந்தது. மலைமேல் இருந்த சின்ன மருந்துச்சாலையில் நான் கம்பவுண்டராக இருந்த காலம் முழுவதும் அங்கே வேலையாளாக இருந்தவர் சடையன். புட்டி கழுவுவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார், அடிவாரத்திலிருந்து மருந்துப் பெட்டியைத் தலையில் சுமந்து ஏறிவருவார். உயிரோடு இருந்தவரை அவரிடம் 'வா, போ' என்றுதான் பேசினேன். 'அவர்' என்று சொல்வது இதுவே முதல் தடவை. அவரை அறிந்த உங்களிடம் நான் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது.

நான் மலைக்குப் போன முதல் வருஷம், புரட்டாசி பிறந்ததும் எட்டு நாள் லீவு கேட்டார். எதற்கென்றேன். "அத்தை ஊட்டுக்குப் புல்லு போடோணுங்க. வாடை வந்துரும்" என்றார். மாமியார்மேல் இத்தனை கரிசனமா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காரணத்தைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். அவர் மனைவிக்குத் தலைப்பிரசவ வலி எடுத்தபோது சடையன் மருந்துப் பெட்டி தூக்க அடிவாரத்துக்குப் போயிருந்தார். திரும்பி ஏறி வந்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. 'எம்பொண்ணைத் தனியா உட்டுட்டுப் போனவன்' என்று மாமியார் குப்பாயி அம்மாள் அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார். பார்வை மங்கிப்போன அந்த அம்மாள் ஒரு பசுவோடும் நாலைந்து கோழிகளோடும் மேல்காட்டில் தனியாக இருந்தார். யார் கூப்பிட்டாலும் அந்த வீட்டை விட்டு வரமாட்டார்.

மலைக்குளிர் அறியாதவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. மார்கழியில் நாங்கள் பறிகொடுத்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். நோய் என்று ஒன்றும் இருக்காது. நனைந்த சுவர், ஈர விறகு, அணைந்த அடுப்பு. அவ்வளவுதான்.

ஒரு வருஷம் அவரோடு நானும் போய்ப் பார்த்தேன். வடக்குப் பக்கக் கூரையில் மக்கிய புல்லைப் பிடுங்கிப் புதுப்புல் வேய்ந்தார். சுவர் விரிசல்களில் செம்மண்ணும் சாணமும் குழைத்து அப்பினார். மழைத்தண்ணீர் ஒதுங்க வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார். புகையிலேயே காய்ந்திருக்கட்டும் என்று அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு அடுக்கினார். மூடுபனியில் அம்மாள் வழி தவறிவிடக் கூடாதென்று கதவிலிருந்து மாட்டுக்கொட்டகை வரை ஒரு கயிறு கட்டினார். இரண்டு மாதத்துக்குச் சாமை குத்திப் பானையில் நிரப்பினார்.

அந்த அம்மாள் முற்றத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மருமகனிடம் பேசமாட்டார், கோழியிடம் பேசுவார். "ஏ கோழி, வடக்குச் செவுத்துல காத்து ஊசியாட்டம் குத்துது. உனக்கென்ன, றெக்கை இருக்குது." சடையன் மண்சட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்குச் சுவருக்குப் போனார். சற்றுப் பொறுத்து அம்மாள், "ஏ கோழி, களி ஆறுது" என்றார். சடையன் கை கழுவிவிட்டு, கல்லின்மேல் வைத்திருந்த களியை எடுத்துச் சாப்பிட்டார். இறங்கும்போது, "உனக்கு வருத்தமாக இல்லையா?" என்று கேட்டேன். "கோழி இருக்குதுங்களே, போதுங்க" என்றார்.

உலகச் சண்டை நடந்த வருஷங்களில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து வரத்துக் குறைந்து, மலைக்காய்ச்சலில் வீட்டுக்கு வீடு ஆட்கள் சுருண்டு கிடந்தார்கள். அப்படி ஒரு புரட்டாசிக் கடைசியில் சடையனும் விழுந்தார். மருந்துச்சாலைப் பின்னறையில் படுத்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "புல்லு அறுத்துப் பாறைக்கடியில அடுக்கி வெச்சிருக்கேனுங்க. வடக்குப் பக்கம் மட்டும் போட்டாப் போதும். கீழ்வளவுல ரெண்டு பேரு இருக்காங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போயிருவாங்க. அடைமழைக்கு முந்தி ஆவோணுங்க."

"நான் பார்த்துக்கறேன், படு" என்றேன்.

சொல்லவேண்டியது ஒரு வார்த்தை. கீழ்வளவுக் குடியிருப்பு அரைமணி நடை. முதல் நாள் நோயாளிகள் கூட்டம், அது உண்மை. இரண்டாம் நாள் கூட்டமில்லை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். மூன்றாம் நாள் வழியில் அட்டை கடிக்கும் என்று தள்ளிப்போட்டேன். நான்காம் நாள் சடையன் கண் விழித்து, "ஆள் போச்சுங்களா?" என்று கேட்டார். "போயாச்சு" என்றேன். மறுநாள் போய்ச் சொல்லிவிட்டால் அது பொய்யில்லாமல் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தார். அன்று சாயங்காலமே மழை பிடித்தது. ஆறு நாள் விடவில்லை.

ஏழாம் நாள் காலை மேல்காட்டுக்காரர் ஒருவர் நனைந்தபடி வந்து, "குப்பாயி ஊடு உக்காந்துருச்சுங்க" என்றார். சடையன் காய்ச்சலோடு எழுந்து ஏறினார். நான் பின்னால் போனேன். வடக்குக் கூரை உள்ளே விழுந்து, சுவர் கரைந்து, அடுப்பில் தண்ணீர் நின்றது. போன வருஷம் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டே கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்த அம்மாள், பசுவின் வயிற்றோடு ஒட்டி, சாக்கைப் போர்த்துக் கிடந்தார். கையைத் தொட்டேன்; சில்லிட்டிருந்தது, மூச்சு மட்டும் இருந்தது. பாறைக்கடியில் புல் அடுக்கியது அடுக்கியபடி இருந்தது, ஒரு கட்டுகூட அவிழ்க்காமல். சடையன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கொட்டகையில் நெருப்பு மூட்டப் போய்விட்டார்.

கஞ்சி உள்ளே இறங்கவில்லை. நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. என் பையிலிருந்த எதுவும் உதவவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அம்மாள் கண்ணைத் திறந்தார். அத்தனை வருஷங்களுக்குப் பிறகு நேராகச் சடையனிடமே பேசினார்.

"ஏன் சாமி இந்த வருசம் வரலை?"

நான் மருந்துப் பைக்குள் எதையோ தேடினேன். காய்ச்சல் என்று சடையன் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஆளையாவது அனுப்பக் கூடாதா என்ற அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னைக் காட்டவேண்டும்.

"தப்பு எம்மேலதானுங்க அத்தை. மறந்துட்டேன்" என்றார்.

அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கத்தின்போது ஊர்க்கவுண்டர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "பொண்ணையும் உட்டே, ஆத்தாளையும் உட்டே. மண்ணு போட உனக்கு என்ன யோக்கியதை?" ஒரு பிடி மண் போட அவரை விடவில்லை. சடையன் தலை குனிந்து ஒதுங்கி நின்றார். நான் மருந்துப் பையோடு அங்கேதான் நின்றேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இறங்கும் வழியில், "சடையா, நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் நிற்காமலே சொன்னார்: "எத்தனை பேரு மேலதானுங்க கோவப்படுவாங்க? ஒருத்தன் போதும். நாளைக்கு அவங்க உங்க கையில மருந்து வாங்கிக் குடிக்கோணும்." அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவேயில்லை.

அடுத்த புரட்டாசியிலும் லீவு கேட்டார். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு கிழவரின் வீட்டுக்காக. "நீங்களும் வாங்க. புல்லு எடுத்துக் குடுக்க ஆள் வேணும்" என்றார். போனேன். உள்ளங்கை கிழிந்தது. அந்தக் கிழவர் என்னிடம், "இவனையா கூட்டிக்கிட்டு வந்தீங்க? அத்தையச் சாக உட்டவனாச்சே" என்றார். கூரைமேல் இருந்த சடையனுக்குக் கட்டாயம் கேட்டிருக்கும். "புல்லுங்க" என்று கையை நீட்டினார். அப்போதும் நான் புல்லைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் படம் என்னிடம் இல்லை. அவர் கையால் கொடுத்த பொருள் எதுவும் இல்லை. எனக்காக அவர் தன்மேல் போட்டுக்கொண்ட குற்றம் ஒன்றுதான் இருக்கிறது. சாகும்வரை அதை அவரிடமே விட்டுவைத்தேன். இனி அது என்னுடையது. வரும் திங்கட்கிழமை மலையேறுகிறேன். ஊர்க்கவுண்டர் இன்னும் இருக்கிறார். ஒருமுறை தள்ளிப்போட்டவன், மறுபடியும் தள்ளிப்போடாமல் இருக்க முதலில் உங்களிடம் சொல்லிவிட்டேன். கவுண்டரிடம் சொல்லப்போவதும் இதுதான்: சடையன் மறக்கவில்லை. புல் அறுத்து வைத்திருந்தார். ஆளை அனுப்பாதவன் நான்.