தோல் சீட்டும் கம்பளி சீட்டும்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. ஆனால் உலகச் சண்டை முடிந்து புது வண்டிகள் மறுபடியும் கப்பலில் வந்து இறங்கத் தொடங்கிய சமயத்தில், மயிலாப்பூரிலேயே கார்களைப் பற்றி அதிகம் பேசிய மனிதர் அவராகத்தான் இருக்கும். ஹைகோர்ட்டில் வக்கீல். கத்தரிக்காய் வாங்குவதற்குக்கூட இரண்டு பக்கத்து வாதத்தையும் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார்.

"வாங்கினா ஒரு தடவை வாங்கணும். நல்ல ஒசந்த வண்டியா, நாலு கதவு வெச்சதா, இருபது வருஷம் ஆத்துல நிக்கறதா இருக்கணும்" என்று தினமும் சாப்பிடும்போது சொல்லுவார். சாயங்காலம் மவுண்ட் ரோடுக்குப் போய் ஒவ்வொரு ஷோரூமாக ஏறி இறங்குவார். தலைப்பாகையோடு உள்ளே உட்கார்ந்து கூரை இடிக்கிறதா என்று பார்ப்பார். கதவைச் சாத்திச் சாத்தி, வீணை வாங்க வந்தவர் மாதிரி காது கொடுத்துக் கேட்பார். ஒரு பெண்ணுக்கு வரன் பார்த்திருந்தால் அதற்குள் கல்யாணமே முடிந்திருக்கும்.

எங்களிடம் அப்போது சண்டைக்கு முன்னால் வாங்கிய ஒரு சின்ன வண்டி இருந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் கொடுத்துக்கொண்டிருந்த காலம். மாதம் முடிவதற்குள் எங்கள் கூப்பன் முடிந்துவிடும். "கோர்ட்டுக்குப் போயிட்டு வரதுக்கு இத்தனை பெட்ரோலா? வண்டிக்கு வயசாயிடுத்து, குடிச்சுக் குடிச்சுத் தீக்கறது" என்று அலுத்துக்கொள்வார். நான் தலையைத் தூக்காமல் ரசம் விடுவேன். பெட்ரோலைக் குடித்தது வண்டி இல்லை, நான்தான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா போன பிறகு என் அம்மா அடையாறில் தனியாக இருந்தாள். ஒருநாள் காலை பத்தரை மணி இருக்கும், அம்மா வீட்டுத் தோட்டக்காரர் சைக்கிளில் வந்து, "பெரியம்மாவுக்கு ஜுரம், என்னமோ பெனாத்துறாங்கம்மா" என்றார். அன்றைக்கு எங்கள் டிரைவர், பெண்ணுக்குக் காது குத்த லீவு போட்டிருந்தார். என் கணவர் யாரோ சிநேகிதர் வண்டியில் கோர்ட்டுக்குப் போய்விட்டார். எங்கள் கார் ஷெட்டில் நின்றது, சாவி ஆணியில் தொங்கியது. சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நான் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் ஆள் அனுப்பி ஜட்கா வரவழைத்தேன். அந்தக் குதிரை பாலத்துக்கு நடுவில் நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா சமையலறைத் தரையில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. வாசலில் காரை வைத்துக்கொண்டு பெற்றவளிடம் குதிரை தயவில் போய்ச் சேர்ந்தேனே என்று என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது. இன்னொரு தடவை அம்மாவுக்கு ஏதாவது வந்தால் நான் நிற்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் டிரைவரைப் பிடித்து, எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். அவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர், வாய்க்குப் பூட்டே கிடையாது.

"இன்னாம்மா சொல்றீங்கோ? ஐயாவுக்குத் தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிரும்!"

"தெரிஞ்சாத்தானே?" என்றேன்.

என் கணவரைக் கோர்ட்டில் இறக்கிவிட்டு டிரைவர் திரும்பி வருவார். மாமியார் மத்தியானம் கண்ணயர்ந்ததும், அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். பொய் இல்லை. அம்மாவைப் பார்க்கத்தான் போவேன், சாந்தோம் கடற்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன், அவ்வளவுதான். பட்டினப்பாக்கத்துப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் நாங்கள் இடம் மாறிக்கொள்வோம். பாலம் வருவதற்கு முன்னால் மறுபடியும் மாறிக்கொள்வோம்.

கிளச்சு, பிரேக் எல்லாம் பத்து நாளில் வந்துவிட்டது. கியர்தான் வரவில்லை. அந்த வண்டியில் கியர் கம்பி தரையிலிருந்து முளைத்து இரண்டு சீட்டுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும். நானோ ஒன்பது கஜம் கட்டுகிறவள். ஒருநாள் மடிசார் மடிப்புக்குள் அந்தக் கம்பி புகுந்துகொண்டுவிட்டது. நான் புடவையை இழுக்க, புடவை கம்பியை இழுக்க, வண்டி பின்பக்கமாகப் பாய்ந்தது. மீன் கூடையோடு வந்த ஓர் அம்மாள் துள்ளி ஒதுங்கி, என் ஏழு தலைமுறையையும் விசாரித்தாள்.

"ஒண்ணியும் இல்ல ஆயா, வண்டிக்கு வவுத்து வலி" என்று டிரைவர் சமாதானம் சொன்னார். என் பக்கம் திரும்பி, "இத்த வுடுங்கம்மா. புச்சா வர்ற அமெரிக்கா வண்டில கியரு கீழ இல்ல. ஸ்டீரிங்கு பக்கத்துலயே கீது. பொடவ, வேட்டி எதுவும் மாட்டாது" என்றார்.

அரக்குப் புடவையில் முழ நீளத்துக்குக் கிழிசல், கிரீஸ் கறை வேறு. அதை மடித்து அலமாரியின் அடியில் சொருகினேன். ஆனால் அன்று முதல் எங்கள் வீட்டுக்கு எந்த வண்டி வரவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் கஷ்டம். இரண்டு மாதம் அலைந்து அவர் இரண்டு வண்டிக்கு வந்து நின்றார். ஒன்று இங்கிலீஷ் வண்டி: கறுப்பு நிறம், உள்ளே மரப்பலகை பளபளக்கும், சீட்டெல்லாம் அசல் தோல். கியர் தரையில். இன்னொன்று அமெரிக்க வண்டி: படகு மாதிரி அகலம், சாம்பல் நிறத் துணி சீட்டு. கியர் ஸ்டீரிங்கில். "ஜட்ஜுகள்ளாம் இங்கிலீஷ் வண்டிலதான் வரா. அதான் கௌரவம்" என்று அவர் அந்தப் பக்கமே சாய்ந்தார். அமெரிக்க வண்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போச்சு, குறுக்கு விசாரணை ஆரம்பமாகிவிடும். ஆகையால் மாமியாரிடம் போனேன்.

என் மாமியார் தினமும் விடியற்காலை குளித்து, யாரும் தொடாமல் கொடியில் உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, மடியாகக் கபாலி கோயிலுக்குப் போகிறவர். மடியோடு இருக்கும்போது மடியில்லாத பருத்தித் துணி பட்டாலே தீட்டு. பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் தோஷமில்லை. புது வண்டி வந்ததும் கோயில் வாசல்வரை காரிலேயே போகலாம் என்று பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார்.

"வண்டி ரொம்ப ஒசத்தியாம்மா. சீட்டெல்லாம் அசல் தோலாமே" என்றேன், வாழைப்பூவை ஆய்ந்துகொண்டே.

விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "என்ன தோல்?"

"அதெல்லாம் எனக்கெங்கேம்மா தெரியும்?"

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியாரும் ஷோரூமுக்கு வந்தார். கழுத்துப் பட்டை கட்டிய விற்பனைக்காரர் ஓடி வந்து நாற்காலி போட்டார். மாமியார் உட்காரவில்லை. நேராக இங்கிலீஷ் வண்டிக்குப் போய், கதவைத் திறந்து, தொடாமல் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன தோல்?"

அந்த மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "மாட்டுத் தோல் அம்மா! அசல் முதல் தரம்! ஒரு வண்டிக்கு எட்டு மாடு வேணும். அதுவும் முள்வேலி இல்லாத பண்ணையில வளர்ந்த மாடாப் பார்த்து எடுக்கறாங்க. ஒரு கீறல் இருக்காது. தடவிப் பாருங்கம்மா, கன்னுக்குட்டி மாதிரி இருக்கும்!"

"சிவ சிவா!" என்று மாமியார் நாலடி பின்னால் வந்தார். "எட்டு பசு மேல ஒக்காந்துண்டு நான் ஸ்வாமியைப் பாக்கப் போகணுமாடா?"

என் கணவர், "மேல ஒரு கம்பளியை விரிச்சுக்கலாமேம்மா" என்றார். எனக்குத் திக்கென்றது.

"கீழே எட்டு இருக்கே! அது எங்கே போகும்?" என்று மாமியார் கேட்டார். மாமியார் பக்கத்து வண்டிக்கு நகர்ந்தார். "இது என்ன துணி?"

"கம்பளி அம்மா. சுத்த ஆட்டு ரோமம்" என்றார் விற்பனைக்காரர், சுரத்தே இல்லாமல்.

மாமியார் ஏறி உட்கார்ந்தார். இரண்டு தடவை ஸ்பிரிங்கில் எம்பிப் பார்த்தார். "மடிக்கு ஒரு கொறையும் இல்லை. இதையே எடுத்துடு" என்றார். என் கணவர் என்னமோ பெரிய கேஸ் தோற்றவர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நீ சொன்னா சரிதாம்மா" என்றார். நான் சிரிப்பை அடக்க, ஜன்னலுக்கு வெளியே டிராமைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அன்று முழுக்க என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

வண்டி வீட்டுக்கு வந்த நாளில் விற்பனைக்காரரும் கூடவே வந்தார். சந்தனம், குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மாமியார் உள்ளே போனதும், காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் என் கணவரிடம் ரொம்ப வருத்தமாகக் கேட்டார்.

"ஸார், ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. அம்மாவுக்குத் தோல்னா உசிரு, எத்தனை மாடுங்கறதுவரைக்கும் விவரமாச் சொல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு வார்த்தை விடாமச் சொன்னேனே. அப்புறம் ஏன் ஸார் வேண்டாம்னுட்டாங்க?"

நான் தட்டோடு அங்கேயே நின்றேன். என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்தார், துடைத்தார், அந்த மனிதர் விடைபெற்றுப் போகும்வரை துடைத்தார்.

"ஏன்னா, எப்போலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"கூப்பன் தீந்ததுலேர்ந்து சந்தேகம். அரக்குப் பொடவை எங்கேன்னு தேடினப்போ நிச்சயமாயிடுத்து. டிரைவரைக் கேட்டேன், கியர் வரைக்கும் சொல்லிட்டான்."

"அப்புறம் எதுக்கு இந்த இங்கிலீஷ் வண்டி நாடகம்?"

"நானா இதை வாங்கினா, பொண்டாட்டி ஓட்டறதுக்குன்னு வாங்கிட்டான்னு அம்மா ஆயுசுக்கும் சொல்லிண்டிருப்பா. இப்போ இது அம்மா பாத்து எடுத்த வண்டி. அவ வண்டியை அவளே கொறை சொல்ல மாட்டா."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாள் நான் அவரை ஏமாற்றினதாக நினைத்தால், அவரும் டிரைவரும் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். "நேரா என்னைக் கேட்டிருக்கலாமே!" என்றேன்.

"நீ கேக்கலையே. ஜட்கால போன அன்னிக்கு சாயங்காலம் சாவியைக் கைல வெச்சுண்டே தூங்கிப்போயிட்டே. நான்தான் எடுத்து ஆணில மாட்டினேன்" என்றார். கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். லைசென்ஸுக்கு விண்ணப்பம். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. என் கோபம் போன இடம் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் லைசென்ஸ் வந்தது. மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, அவரே ஒருநாள் விடியற்காலை ஈரத்தலையோடு வந்து நின்றார். "டிரைவர் இன்னும் வரலையாம். அதுக்காக என் வண்டி சும்மா நிக்கணுமா? உனக்கு ஓட்டத் தெரியுமாமே, எடேன்" என்றார். அந்த வண்டி எங்கள் வீட்டில் பத்தொன்பது வருஷம் நின்றது. இருபது என்ற கணக்கில் ஒரு வருஷம் குறைந்ததைப் பற்றி என் கணவர் கடைசிவரை முணுமுணுத்தார்.

அந்த முதல் நாள், மாமியாரைக் கோயிலில் கொண்டுபோய் விட்டு, திரும்ப வீட்டில் இறக்கிய கையோடு, தனியாக நேரே அடையாறுக்கு விட்டேன். பாலத்தில், அந்தக் குதிரை நின்ற இடத்தில், வேண்டுமென்றே ஒரு தடவை ஹார்ன் அடித்தேன். அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின் சீட்டைப் பார்த்தாள்.

"டிரைவர் எங்கேடி?"

"நான்தாம்மா."

அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தைப் படியில் வைத்தாள். கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, சுற்றி வந்து, கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே போகணும் என்று கேட்டேன்.

"எங்கேயும் வேண்டாம். சும்மா போ" என்றாள். கோலம் பாதியிலேயே நின்றது.