செவ்வாயும் வியாழனும் வந்த அதிர்வு

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊஞ்சல் மேடம். தப்பே இல்லை. பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியலும் விண்வெளி இயற்பியலும் பதினெட்டு வருடமாக நடத்துகிறாள்; ஒரு நாளாவது வகுப்பில் உட்கார்ந்தாள் என்று யாராவது சொல்லட்டும், பார்ப்போம். பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய எலக்ட்ரான் துருவத்துக்குத் துருவம் ஓடுவதைச் சொல்ல வேண்டுமா, அவளே எலக்ட்ரான் ஆகிவிடுவாள். சன்னல் பக்கம் வட துருவம், கதவுப் பக்கம் தென் துருவம். நடுவே பழைய மரமேடையில் தடதடவென்று ஒரு மணி நேரம் நடை.

அந்த வகுப்பறைக்கு நேர் கீழே, நிலவறையில், நில அதிர்வைப் பதியும் கருவி இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அதன் பதிவுகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். செவ்வாயும் வியாழனும் பதினொரு மணிக்கு ஒரு சின்ன நடுக்கம் தொடங்கும், பன்னிரண்டுக்கு அடங்கிவிடும். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் திறப்பதும் அதே நாள், அதே நேரம். நீரின் அழுத்தம் அடிப்பாறையை அசைக்கிறது என்று கட்டுரை எழுதினாள். லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர், தெருவில் போகும் லாரி, ஒன்று விடாமல் சந்தேகப்பட்டுச் சோதித்துக் கழித்துவிட்டாள். கட்டுரை அடுத்த மாதம் அச்சேறுகிறது. அதை நம்பித்தான் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தாள். இரண்டு முறை கைநழுவிய பதவி அது. மூன்றாவது நேர்காணல் இந்த வியாழன் மதியம் இரண்டு மணிக்கு.

வியாழன் அன்று இருப்புக் கொள்ளாமல் காலை எட்டரைக்கே நிலவறைக்கு வந்து செவ்வாய்க்கிழமைப் பதிவைத் திறந்தாள். நடுக்கம் ஒன்பது மணிக்கு வந்திருந்தது. பதினொன்றுக்குக் கோடு சும்மா கிடந்தது.

கருவியறை ஊழியர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இந்த வாரத்துலேருந்து உங்க கிளாஸ ஒன்பதுக்கு மாத்திட்டாங்கல்ல மேடம்? அதுவும் கூடவே வந்துடுச்சு போல!"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் மறுபடி அந்தக் கோட்டைப் பார்த்தாள். பூமி டைம்டேபிள் பார்க்குமா? அந்த ஒரு மணி நேரமும் அவள் மேலே வகுப்பில் இருப்பாள். ஒரு நாளும் திரைமுன் இருந்ததில்லை.

"ஒன்பதரை வரைக்கும் அசையாம நிக்கறேன். அப்புறம் நடக்கறேன். நீங்க கண்ணை எடுக்காம பாருங்க" என்றாள்.

நின்றாள். அப்பப்பா, என்ன பாடு! கால் இரண்டும் கெஞ்சின. எலக்ட்ரான் கரும்பலகையில் வெறும் புள்ளியாகக் கிடந்தது. கடைசி வரிசையில் இரண்டு பேர் தூங்கியே விட்டார்கள்.

"மேடம், உடம்பு முடியலையா?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

ஒன்பதரைக்கு நடக்கத் தொடங்கியதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. அவளோ ஒவ்வோர் அடிக்கும், கீழே கோடு அசையக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

அசைந்திருந்தது. ஒன்பதரை வரை நேர்கோடு, அப்புறம் சீப்புப் பல் மாதிரி வரிசையாக அவளுடைய காலடிகள்.

"யாருக்குத் தெரியப் போகுது மேடம்? நானா போய்ச் சொல்லப் போறேன்?" என்றார் ஊழியர், குரலைத் தாழ்த்தி.

இரண்டு மணி வரை நடந்து நடந்து நடைபாதையைத் தேய்த்தாள். இன்றைக்கு வாயை மூடிக்கொண்டு, அடுத்த வாரம் கட்டுரையைத் திரும்பப் பெற்றால் ஆகாதா? பதவி கைக்கு வந்திருக்குமே! மருந்துக்கடையில் வேலையாக இருந்த கணவரைப் போனில் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

"மறைச்சுட்டு உன்னால தூங்க முடியுமா? எங்களையும் தூங்க விடமாட்ட" என்றார் அவர்.

நேர்காணல் அறையில் மூன்று பேர். தலைவர் முகமெல்லாம் மலர்ச்சி. "அருமையான கட்டுரைம்மா. அதிர்வுக்குக் காரணம் தண்ணிதான்னு எவ்வளவு உறுதியா சொல்வீங்க?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"தண்ணி இல்ல சார். நான்தான்."

நடந்ததை அப்படியே சொன்னாள். ஓரத்தில் இருந்தவர் குபீரென்று சிரித்துவிட்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்த்து இருமினார். தலைவர் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இந்தக் கட்டுரைய எடுத்துட்டா, இதுல வேற என்ன இருக்கு?"

"பதினெட்டு வருஷமா பாடம் நடத்தறேன் சார்."

"அது எல்லாரும் செய்யறதுதானேம்மா" என்று அவர் ஃபைலை மூடினார்.