அம்மாவின் தூக்கம் குறித்த ஒரு பரிசோதனை

எங்கள் அறிவியல் ஆசிரியருக்குப் பச்சைப்பயறு அலுத்துப்போயிருந்தது. ஆண்டுதோறும் பள்ளி விடுமுறைக்கு முன்னால் அவர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் முறையின் படிகளைச் சொல்லிக்கொடுப்பார். உற்றறிதல், கேள்வி, கருதுகோள், மாறிகள், பரிசோதனை, முடிவு. நாங்கள் அதை வாய்ப்பாடு போல ஒப்பிப்போம். பிறகு விடுமுறையில் ஆளுக்கொரு பரிசோதனை செய்து, சுவரில் ஒட்டுகிற பெரிய மாஜோங் தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எல்லோரும் ஈரப்பஞ்சில் பயறு போட்டு, ஒன்றை வெயிலிலும் ஒன்றை அலமாரிக்குள்ளும் வைத்து, முளைத்ததையும் முளைக்காமல் நாறியதையும் கொண்டுவந்து அவர் மேசையில் அடுக்குவது வழக்கம்.

அந்த ஆண்டு அவர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வகுப்பில் அவர் உட்காருவது அபூர்வம். "இந்த வாட்டி யாரும் பச்சப்பயிறு கொண்டாரக்கூடாது. எனக்கும் வயசாகுது லா," என்றார். "வீட்டுல உங்களுக்குப் புரியாதது ஏதாவது இருக்கும். அதெ எடுங்க."

சுங்கை சிப்புட் என்ற ஊருக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில் இருந்தது எங்கள் பள்ளி. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, தோட்டத்து வேலையும் போனபிறகு பெரியவர்கள் எல்லோரும் வெளியே வேலை தேடிக்கொண்டார்கள். பள்ளி மட்டும் அங்கேயே நின்றது. பிள்ளைகள் குறைவு, ஆசிரியர்கள் அதைவிடக் குறைவு. அறிவியல் சார்தான் கணிதமும் எடுப்பார், காற்பந்துப் பயிற்சிக்கும் விசில் ஊதுவார்.

வீட்டில் எனக்குப் புரியாதது எது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. அம்மா ஏன் தூங்குவதில்லை என்பதுதான்.

அம்மா ஈப்போ போகும் வழியில் இருந்த ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தார். கம்பெனி வேன் சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போய், நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். அங்கே பீங்கானில் செய்த கைகள் சங்கிலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வருமாம். அவற்றின் மேல் சூடாக ஒட்டியிருக்கும் கையுறையை உருவிப் போடுவது அம்மாவின் வேலை. ஒன்றை உருவுவதற்குள் அடுத்த கை வந்துவிடும். அம்மாவின் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து, தோல் உரிந்து இருக்கும். இரவில் பக்கத்து வீட்டு அக்கா வந்து என்னோடும் தம்பியோடும் படுத்துக்கொள்வார். தம்பிக்கு அப்போது மூன்று வயது.

அப்பா லூமுட் பக்கம் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். வாரத்தில் ஓரிரு நாள்தான் வீடு. அப்படி வந்திருந்த ஒரு மத்தியானம் அம்மா அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"சூப்பர்வைசர் மறுபடியும் புடிச்சிட்டான். நின்னுக்கிட்டே தூங்கிட்டேனாம். இன்னொரு வாட்டி தூங்குனா வேலைக்கு வர வேணாங்கிறான்."

"பகல்ல நல்லாப் படுத்துத் தூங்க வேண்டியதுதானே," என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவர் அடுத்த நிமிடமே குறட்டை விட ஆரம்பித்தார். அதே அறை, அதே ஜன்னல், அதே வெயில், அதே தம்பியின் கூச்சல். உற்றறிதல் என்ற தலைப்பின்கீழ் நான் முதலில் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான். எழுதவில்லை. அப்பா தூங்குவதில் புரியாதது ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

என் கருதுகோள் வெளிச்சத்தைப் பற்றியது. அறை இருட்டாக இருந்தால் அம்மா அதிக நேரம் தூங்குவார். அம்மாவிடம் சொன்னபோது அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"என்னெ வச்சா பரிசோதன? பயிறு வாங்கித் தாரேன் பாப்பா, அதெப் போடு."

"சார் பயிறு வேணாம்னுட்டாரு."

"அப்ப நான் என்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். தூங்கணும்."

அம்மா சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததால் என் பரிசோதனை பாதி வெற்றி பெற்றதாகவே நினைத்தேன்.

விடுமுறை தொடங்கியது. குப்பை கட்டுகிற கறுப்பு பிளாஸ்டிக்கை வெட்டி, ஜன்னலின் அளவுக்கு டேப் போட்டு ஒட்டினேன். ஒரு நாள் ஒட்டுவது, மறுநாள் எடுத்துவிடுவது. ஜன்னல்தான் நான் மாற்றப்போகும் மாறி, அம்மாவின் தூக்கம் அதைச் சார்ந்து மாறும் மாறி. மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவை காற்றாடி, பாய், தலையணை, தம்பி. முதல் மூன்றும் சொன்னபடி கேட்டன. தம்பியை மாறாமல் வைத்திருப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மைலோ தூளை வெறுமனே தின்னக் கொடுத்து, முன்கூடத்தில் ஒரு பழைய டயருக்குள் உட்காரவைத்தேன். அதற்குள் அவன் பெரும்பாலும் இருந்தான்.

நான் அறை வாசலில் சுவர்க் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அம்மாவின் கண் மூடியிருக்கிறதா, கை தளர்ந்து கிடக்கிறதா, மெதுவாகக் கூப்பிட்டால் பதில் வருகிறதா என்று பார்ப்பேன். பதில் வராவிட்டால் தூக்கம்.

வேனிலிருந்து இறங்கி வந்ததும் அம்மா தினமும் ஒரே கேள்வியைக் கேட்பார். "இன்னிக்கு என்னா பாப்பா, இருட்டா வெளிச்சமா?"

நான் சொல்லுவேன். குளித்துவிட்டு வந்து படுப்பார். முடிவுகள் அற்புதமாக இருந்தன. வெளிச்ச நாளில் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து உட்கார்ந்துவிடுவார். இருட்டு நாளில் மத்தியானம் வரை அசைய மாட்டார். கூப்பிட்டால் பதில் இல்லை, கை தளர்ந்து கிடக்கும், மூச்சு ஒரே சீராக வரும். தம்பி டயரிலிருந்து தப்பி வந்து அம்மாவின் காலில் ஏறி உட்கார்ந்தபோதுகூட அம்மா அசையவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் குறிக்கவில்லை. இருட்டு நாட்களில் துணி துவைப்பதும் சமைப்பதும் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போயின. வழக்கமாக அந்த நேரத்தில்தான் அம்மா சுவரில் சாய்ந்து, வேன் ஹாரன் கேட்கும்வரை கொஞ்சம் கண்ணயர்வார். அந்த வாரத்தில் அதற்கு நேரமில்லாமல் போனது. வேனில் ஏறும்போது அம்மாவின் நடை தள்ளாடியதைப் பார்த்தேன். செருப்பு பழசாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனபோது சிலர் பச்சைப்பயறுக்குப் பதிலாகக் கடலையை முளைக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சார் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், என் தாளுக்கு முன்னால் வந்து நின்றார். மேலிருந்து கீழ்வரை படித்தார். நான் நிமிர்ந்து நின்றேன்.

"இன்னிக்கு இருட்டு, இன்னிக்கு வெளிச்சம்னு அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார். அம்மாவே கேப்பாங்க."

"இருட்டுன்னா ரொம்ப நேரம் தூங்கணும்னு நீ எதிர்பாக்கிறது?"

"அதுவும் தெரியும் சார். நாந்தான் கருதுகோளப் படிச்சுக் காட்டுனேன்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி செய்யி," என்றார். "பரிசோதன முடிஞ்சிருச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லிரு. பிளாஸ்டிக் அப்பிடியே இருக்கட்டும். நீ பாக்கிறது மட்டும் அவங்களுக்குத் தெரிய வேணாம்."

இப்போது தாப்பாவில் ஒரு பள்ளியில் நானும் இதே படிகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர் வேலை கிடைத்ததால் ஆசிரியர் ஆனேன், வேறு கதை ஒன்றும் இல்லை. என் மாணவர்கள் பச்சைப்பயறு கொண்டுவருகிறார்கள். நான் மறுப்பதில்லை, வாங்கி வரிசையாக வைத்துக்கொள்கிறேன்.

சார் அப்படிச் சொன்னதற்கு அடுத்து வந்த சனிக்கிழமை காலையில் அம்மாவிடம், பரிசோதனை முடிந்துவிட்டது, சார் நன்றாக இருக்கிறது என்று சொன்னார், ஜன்னல் இப்படியே இருட்டாக இருக்கட்டும் என்று சொன்னேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் படம் பார்க்கப் போவதாகவும் சொன்னேன். தம்பியை அங்கே விட்டுவிட்டுப் பின்பக்கமாக வந்து, அறைக் கதவின் பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஜன்னலோரம் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. அம்மா டேப்பை ஒரு மூலையில் பிரித்து, பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் மடக்கிவிட்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் பாய்மேல் உட்கார்ந்திருந்தார். தைக்கவில்லை, எதையும் மடிக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கடிகாரம் கொண்டுவர மறந்துபோனது. எவ்வளவு நேரம் நின்றேனோ, கால் மரத்துப்போய்க் கதவில் சாய்ந்துவிட்டேன். கதவு திறந்துகொண்டது.

அம்மா என்னைப் பார்த்தார். பார்த்ததும் சட்டென்று படுத்துக் கண்களை இறுக்கமாக மூடிக்கொண்டார்.

"அம்மா!"

பதில் இல்லை. கை தளர்ந்து கிடந்தது. மூச்சு ஒரே சீராக வந்தது.

"அம்மா, நான் பாத்துட்டேன்."

அம்மா ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இரண்டையும். சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"அந்த நாளெல்லாம் நீ தூங்கவே இல்லியா?"

"கொஞ்சம் தூங்குனேன்."

"பொய்."

"நீ அவ்வளவு ஆசையா மணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த பாப்பா. எந்திரிக்க மனசு வரல."

எனக்கு அழுகை வந்தது. என் முடிவு, என் அட்டவணை, நான் வண்ணப் பென்சிலால் போட்ட பட்டை வரைபடம் எல்லாம் தவறாகிவிட்டன. "ஏன் தூங்க மாட்டேங்கிற? இருட்டாத்தானே இருக்கு," என்று கத்தினேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்து தலைமுடியை முடிந்துகொண்டார். "கண்ண மூடுனா அந்தக் கைங்க வருது. வரிசையா வந்துக்கிட்டே இருக்கு. உருவாமயே தாண்டிப் போயிருமோன்னு திடுக்குனு முழிச்சிருறேன்," என்றார். "இருட்டுல இன்னும் நல்லாத் தெரியுது."

அதை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அது மாறியும் இல்லை, பரிசோதனைக்கான பொருளும் இல்லை. கைகள் இல்லாத இடத்தில் கைகளைப் பார்ப்பதைச் சார் உற்றறிதல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே விட்டுவிட்டேன்.

அம்மாவின் வேலை அப்போது போகவில்லை. பக்கத்தில் நின்று வேலை செய்த பெண், அம்மாவின் தலை சாயும்போதெல்லாம் முழங்கையால் இடித்து எழுப்பிவிடுவாராம். பின்னால் ஒரு நாள் கையுறை உருவ இயந்திரம் வந்து, அம்மாவைப் பகல் வேலைக்கு, பெட்டியில் அடுக்குகிற பிரிவுக்கு மாற்றினார்கள். அதன் பிறகும் வெகுகாலம் அம்மா தூக்கத்தில் விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருப்பார்.

புதிய தாளில் எல்லாவற்றையும் திருத்தி எழுதினேன். கருதுகோள் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. பரிசோதனை தவறிப்போனால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும் என்று சார் சொல்லியிருந்ததால், கடைசி வரியில் 'அம்மா ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினேன். சார் அதில் 'ஒத்துழைக்கவில்லை' என்பதை மட்டும் சிவப்பு மையால் அடித்து, மேலே 'ஒத்துழைத்தார்' என்று எழுதிக் கொடுத்தார். ஒரு மதிப்பெண்ணும் குறைத்திருந்தார். அவருக்கு அன்று காற்பந்துப் பயிற்சியும் இருந்தது, வெயிலில் நின்றுவிட்டு வந்திருந்தார். களைப்பில் மாற்றித் திருத்திவிட்டார் என்று முடிவுசெய்தேன். ஒத்துழைத்திருந்தால் பரிசோதனை எப்படித் தவறும்? வகுப்பில் சொல்லி அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, சுவரில் ஒட்டுவதற்காக எழுதிய நல்ல பிரதியில் என் வாக்கியத்தையே அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். சார் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அடுத்த தாளுக்கு நகர்ந்தார்.

தேர்ச்சி அறிக்கை வாங்க அம்மா வேலையிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். கம்பெனிச் சட்டையோடு, கண்கள் சிவந்து. சார் அறிக்கையை எடுத்து வருவதற்குள் அம்மா சுவரில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, என்னுடையதன் முன்னால் நின்றார். விரலை வைத்து மெதுவாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"சார்," என்றார் அம்மா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னால பிள்ளைக்கு மார்க் கொறஞ்சிருச்சா?"

சார் கையில் அறிக்கையோடு அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றார். "இல்லம்மா," என்றார். "ஒண்ணும் கொறையல. முழு மார்க்தான்."

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டார். நான் அவர்கள் இருவருக்கும் நடுவே நின்றுகொண்டு, ஒரு மதிப்பெண் குறைந்தது உண்மைதானே, அறிவியல் சொல்லிக்கொடுக்கிற சார் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.