ஏழரை மணி பஸ்ஸில் கல்லூரி பார்க்கப் போனது

என் மகள் தாரணி பிளஸ் டூ படிக்கிறாள். பி.எஸ்சி. வேதியியல்தான் படிப்பேன் என்கிறாள். வத்திராயிருப்பிலிருந்து தினமும் போய்வர இரண்டு கல்லூரிகளைக் குறித்திருந்தோம். ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூரில், இன்னொன்று ராஜபாளையத்தில். ஆய்வகம் பெரிது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் மனமெல்லாம் ராஜபாளையத்தில். என் நிபந்தனை ஒன்றுதான்: ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். மே மாதம் போனால் வெறும் கட்டடத்தைத்தான் பார்க்க முடியும் என்பதால், பொங்கல் முடிந்த திங்கட்கிழமையே பள்ளிக்கு லீவு போடவைத்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். ரிப்பேர் பார்த்த மோட்டாருக்குக்கூட அந்த நேரத்தில் சுவிட்ச் போடமாட்டேன். ஆகவே 9.10 பஸ்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் 18 கிலோமீட்டர், நாற்பது நிமிடம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் மகளுக்குக் காசு இல்லை, எனக்கு 15 ரூபாய். அங்கிருந்து ராஜபாளையம் 12 கிலோமீட்டர், அரை மணி நேரம். இரண்டு பஸ்ஸிலும் ஜன்னல் சீட். மேற்கே மலை கூடவே வந்தது. பிள்ளை சொகுசாகப் போய்வருவாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கல்லூரியில் ஆய்வகம் பூட்டியிருந்தது. பிராக்டிகல் மதியம் இரண்டு மணிக்குத்தானாம். கடை நினைப்பில் நான் காத்திருக்கவில்லை. திரும்பும்போது கண்டக்டரிடம், “வண்டி எப்பவும் இப்படிக் காலியாத்தான் வருமா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “அண்ணாச்சி, படிக்கிற பிள்ளைக போற ஏழரை வண்டில வந்து பாருங்க. கால் வைக்க எடம் இருக்காது.”

வீட்டுக்கு வந்ததும் தாரணி மெதுவாகக் கேட்டாள். “அப்பா, மூணு வருசமும் திங்கக்கிழம நான் ராகு காலத்துலதான பஸ் ஏறணும்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலேஜ் பார்க்கப் போய் காலியான பஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை ஏழரை பஸ். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஒற்றைக் காலில் நின்றேன். யாருடைய டிபன் பாக்ஸோ முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. கல்லூரி வாசலில் மணி 9.05. இந்தமுறை அனுமதி கேட்டு மதியப் பிராக்டிகல் முடியும்வரை இருந்தோம். ஆய்வகத்தில் எங்கள் பக்கத்து ஊரான வ. புதுப்பட்டியைச் சேர்ந்த சுதா என்ற இரண்டாம் ஆண்டு மாணவி தாரணியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விட்டு, நிறம் மாறியதும் நிறுத்திக் காட்டினாள். என் மகள் குடுவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எத்தன மணிக்கும்மா வீட்டுக்குப் போவ?” என்று சுதாவைக் கேட்டேன்.

“மத்த நாளு அஞ்சரைக்கெல்லாம் போயிருவேன் மாமா. லேப் உள்ள ரெண்டு நாளு மட்டும் வில்லிபுத்தூர்ல ஆறேகால் வண்டிதான். ஏழாயிரும்.”

நான் சொன்னது ஆறு மணி; ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரியே போதும் என்று வாய்வரை வந்துவிட்டது. தாரணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

உங்களுக்குச் சொல்வது இதுதான்: வகுப்பு நடக்கும் நாளில், பிள்ளைகள் போகும் பஸ்ஸிலேயே போங்கள். ஆபீசில் கேட்பதைவிட மாணவர்களிடம் கேளுங்கள். எனக்கு ஒரு தடவைக்கு பஸ் செலவு 60 ரூபாய், இருவர் சாப்பாடு 180.

நாங்களும் அந்த ஆறேகால் வண்டியில்தான் திரும்பினோம். பாதி வழியில் சொன்னேன்: “லேப் இருக்கிற அன்னிக்கு நான் ஸ்டாப்ல வந்து நிக்கேன்.”

“அந்நேரம் கடைல ஆளு காத்திருப்பாகளேப்பா?”

“இருக்கட்டும்.”

இறங்கும்போது மணி 6.55. ஸ்டாப்பில் வெளிச்சம் இருந்தது, டீக்கடையில் கூட்டம் இருந்தது, சுதாவைப் போல நாலைந்து பிள்ளைகள் பேசிக்கொண்டே இறங்கிப் போனார்கள். ராஜபாளையத்துக்கே விண்ணப்பம் போடுவோம் என்று நானாகவே சொன்னேன். நிபந்தனை போடும் அப்பாமார் யாராக இருந்தாலும், போடுவதற்கு முன் ஒருநாள் அந்த வண்டியில் வந்து இறங்கிப் பாருங்கள்.