எது இதயம், எது தொடை

போன வாரம் ஃபேர்லேண்ட்ஸில் மகள் வீட்டுக் கெட்டிலைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அடியில் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளைப் படிவு. சேலத்துப் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சியவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. "அது கால்சியம்மா, போகாது. விடு, புதுசு வாங்கிக்கலாம்" என்றாள் மகள். கால்சியம் என்று காதில் விழுந்ததும் மூக்கில் அமில நெடி ஏறியது. நாற்பது வருடத்துக்கு முந்தைய நெடி.

எண்பதுகளின் தொடக்கத்தில் இந்த ஊரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் டெமான்ஸ்ட்ரேட்டர். ஆத்தூரிலிருந்து வந்தவள். தவளை அறுக்கச் சொல்லிக்கொடுப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. நினைப்பு மட்டும் பெரிய விஞ்ஞானி. அதே ஆய்வுக்கூடத்தின் மூலையில் பிஎச்.டி.க்கு வேலை செய்தவர் தெய்வானை அக்கா. மோகனூர்ப் பக்கம் கரும்புத் தோட்டக்காரரின் மகள். அப்பா கெடு வைத்துத்தான் அனுப்பியிருந்தார். நட்ட கரும்பும், வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் இரண்டு மறுதாம்பும் வெட்டி முடிகிறவரை படிக்கலாம். மூன்று வருடம் என்பதை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள்.

அக்காவின் வேலை ஒரு புரதத்தோடு. தசைக்குள் இரண்டு வகை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கக் காத்திருக்கின்றன. நடுவே ஒரு தடுப்பு. கால்சியம் வந்து ட்ரோபோனின் என்ற புரதத்தில் உட்கார்ந்தால் அதன் உருவம் மாறும், தடுப்பு விலகும், தசை சுருங்கும். கால்சியம் எழுந்து, தசைக்குள்ளேயே தனக்கிருக்கும் பைக்குத் திரும்பினால் தசை தளரும். நீங்கள் இப்போது இமைப்பதும் அப்படித்தான் நடக்கிறது. தொடைத் தசைப் புரதத்தில் கால்சியத்துக்கு நான்கு இருக்கைகள். இதயத்தில் மூன்றுதான் வேலை செய்யும். மாட்டில் இதைப் பார்த்திருந்தார்கள். நம் வெள்ளாட்டில் எப்படி என்பது அக்காவின் கேள்வி.

"ஒரே ஆடுதான் சாமி. காலுக்கு ஒரு மாதிரி, நெஞ்சுக்கு ஒரு மாதிரி வெச்சிருக்குது. எதுக்குன்னு தெரிய வேண்டாமா?" என்பார்.

அதனால் விடிந்ததும் கறிக்கடையில் நிற்போம். சதை சூடு ஆறுவதற்குள் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். துடிப்பு அடங்கட்டும் என்று எல்லோரும் ஒதுங்கி நிற்கையில் சேலை கட்டிய இரண்டு பெண்கள் முண்டியடித்தால் ஊர் என்ன நினைத்திருக்கும்! கடைக்கார பாய் எதுவும் கேட்டதில்லை. எங்களைக் கண்டதும் கத்தியைத் துடைத்துக்கொள்வார்.

அந்த வேலைக்கு எதிரியும் கால்சியமேதான். அளக்க வேண்டிய பொருள் தண்ணீரிலும் கண்ணாடியிலும் விரல் வியர்வையிலும் இருந்தால் எதை அளப்பது? ஒவ்வொரு குழாயையும் அமிலத்தில் ஊறவைத்து, வடித்த நீரில் அலசுவோம். மழை பொய்த்த காலம். தண்ணீர் வரும்போது கரண்ட் இருக்காது. கரண்ட் வரும்போது தண்ணீர் இருக்காது. நீர் வடிக்க இரண்டும் வேண்டும். குந்தியிருந்து இரண்டும் சேர்ந்து வரும் நேரத்துக்காகக் காத்திருப்போம்.

மூன்றாம் வருடக் கோடையில்தான் சுத்தமான புரதம் கைக்கு வந்தது. இருபது சின்னக் குழாய்கள். பாதி இதயம், பாதி தொடை. காகிதத் துண்டில் மையால் எழுதி, கோந்து தடவி ஒட்டியதும் நான்தான். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் அளந்து தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மோகனூரிலிருந்து ஆள் வந்தது. பெண் பார்க்க வருகிறார்களாம்.

"நாலு நாள்ல வந்துருவேன். ஃப்ரீசரைத் தொறந்துடாதே சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. லைன்மேனிடம் போய் நின்றேன். வேறு டிரான்ஸ்ஃபார்மர் வந்தால்தான் உண்டு, எப்போது வரும் என்று தனக்கே தெரியாது என்றார். ஆட்டுப் புரதம் கெட்டுப்போகும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இரண்டாம் நாள் மதியம் ஃப்ரீசர் அடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. கடைகளில் பனிக்கட்டி இல்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு குச்சி ஐஸ் கம்பெனியில் டீசல் இன்ஜின் ஓடுகிறது என்று யாரோ சொல்ல, சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துப் போனேன். உமி போட்டுச் சாக்கில் கட்டிய பாளத்தை மடியில் அணைத்துக்கொண்டு திரும்பினேன். "யாருங்க தவறிட்டாங்க?" என்று ரிக்‌ஷாக்காரர் மெதுவாகக் கேட்டார். வந்து சேர்ந்தபோது பாதிதான் மிச்சம்.

குழாய்களை ஒரு வாளியில் அடுக்கி, பனிக்கட்டியை உடைத்துப் போட்டு மூடினேன். நல்ல வேலை செய்தோம் என்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். காலையில் திறந்தால் வாளி நிறையத் தண்ணீர். குழாய்கள் சாய்ந்து மிதந்தன. சீட்டுகள் கழன்று, மை கரைந்து, தனியே மிதந்தன.

எது இதயம், எது தொடை?

அன்று மதியமே, சொன்னபடி அக்கா வந்தார். வாளியைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐஸ் எங்க சாமி கெடச்சுது?" என்றார். சொன்னேன். "அத்தன தூரமா போன?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

கரண்ட் வந்ததும், புரதங்களைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தோம். கோடுகள் தனித்தனியே நிற்க வேண்டிய இடத்தில் நீலக் கறை தீற்றியிருந்தது. புரதம் சிதைந்துவிட்டது. அப்பாவிடம் இன்னும் ஆறு மாதம் கேளுங்கள் அக்கா, முதலிலிருந்து செய்வோம் என்றேன்.

"ரெண்டாவது மறுதாம்பும் வெட்டியாச்சு சாமி."

எங்கள் பேராசிரியர் அவர் அப்பாவை வரவழைத்துப் பேசினார். அந்த மனிதர் உட்காரக்கூட மறுத்து, கைகட்டி நின்று கேட்டார். கடைசியில், "வாக்குக் குடுத்துட்டனுங்க, நான் என்னங்க செய்யறது" என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது. யாரைக் கோபிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி. வடக்கே போய் போர்வெல் போடும் தொழில். அக்காவும் கூடப் போய்விட்டார்.

சில வருடங்களில் அந்தப் புரதத்தின் முழு உருவமும் புத்தகத்தில் வந்தது. இரண்டு முனையும் உருண்டு, நடுவில் தண்டு வைத்த டம்பெல் போல. படத்தை வகுப்புக் கரும்பலகையில் வரைந்தேன். அக்காவுக்கு அனுப்ப முகவரி இல்லை. இப்போது அந்த ஆய்வுக்கூடமே இல்லை; சுவரை இடித்துக் கணினி அறை கட்டிவிட்டார்கள். குச்சி ஐஸ் கம்பெனி இருந்த இடம் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பிறகு ஒரே ஒரு முறை, நாமக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற வளர்ந்த மகனிடம், "நாங்க ரெண்டு பேரும் ஒரே காலேஜு" என்றார். அதற்குள் பந்தியில் யாரோ கூப்பிட, போய்விட்டார்.

அந்தப் பையன் என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்: "ஏனுங்க, எங்கம்மா காலேஜ் எல்லாம் போயிருக்காங்களா?"

ஆமாம் என்றேன். மேற்கொண்டு எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை.