பாதிக் குலை பிளோரன்ஸ் பெயரில்

காப்ரியலுக்கு இப்போதெல்லாம் அண்ணாந்து பார்க்கவே நடுக்கம். மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர். போன மாதம், வெட்டிய மட்டை நேரே அவருடைய வலது தோளில் இறங்கி எலும்பை முறித்துவிட்டது. மூன்று மாதம் கையைத் தூக்கவே கூடாது என்றார் டாக்டர்.

அடிபட்ட தொழிலாளிக்கு அரசாங்கக் காப்புறுதி தரும் சொக்சோ பணம் வரும், சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தார். கடிதத்தைப் பிரித்தார். மாதத்துக்கு ஆயிரத்து நானூறு மலேசிய வெள்ளி. அதுவரை வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததோ மூவாயிரத்து ஐந்நூறு.

யாரையும் குறை சொல்ல வழியில்லை. பதிந்த சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது தருகிறார்கள். அந்தச் சம்பளத்தைப் பாதியாக்கியவரே அவர்தான். அவர் வெட்ட, மனைவி பிளோரன்ஸ் உதிரிப்பழம் பொறுக்கி மட்டை அடுக்குவாள். குலைக் கணக்கில்தான் கூலி; குலையெல்லாம் அவர் பெயரில்தான் ஏறும். அவளுக்கும் சேமநிதி சேரட்டும் என்று, இரண்டு வருடத்துக்கு முன் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லிப் பாதிக் குலையை அவள் பெயரில் எழுத வைத்தார். தேவாலயத்தில் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டது வேறு! இப்போது அவர் வெட்டாவிட்டால் அவள் பெயரில் எழுதக் குலை ஏது?

மறுநாள் காலை பிளோரன்ஸ் அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தோளில் வைத்தாள்.

"அத வை. நீ ஒரு நாளும் வெட்டினதில்ல."

"அப்ப யாரு வெட்டுறது? நீங்க கம்பத் தொட்டா, லீவுல வேல செஞ்சாருன்னு அந்தக் காசும் நின்னுடும்."

"மட்ட எந்தப் பக்கம் சாயும்னு உனக்குத் தெரியாது, பிளோரன்ஸ்."

அவள் சிரித்தாள். "பயப்படாதீங்க லா. எனக்கு அடிபட்டாலும் அதே ஆயிரத்து நானூறு வரும். ரெண்டும் சேர்ந்தா வீடு ஓடிடும்."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். கணக்கு சரியாக இருந்ததுதான் காப்ரியலைப் பயமுறுத்தியது. கழுத்தில் கட்டிய துணியில் கையைப் போட்டபடியே அவள் பின்னால் போனார்.

முதல் மரத்தடியில் அவள் கம்பை உயர்த்தினாள். அது அவள் கையில் நிற்காமல் ஆடியது. எப்படியோ அரிவாளை மாட்டி இழுத்தாள். மேலே மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அவள் கம்பை விடாமல் அங்கேயே நின்றாள்.

"தள்ளிப் போ! தள்ளிப் போடீ!"

அவள் நகரவில்லை. காப்ரியல் துணியை உருவி எறிந்துவிட்டு ஓடினார். எந்தக் கையைத் தூக்கக் கூடாது என்றார்களோ, அந்தக் கையாலேயே அவளைப் பிடித்து இழுத்தார்.

மட்டை தரையில் விழுந்தது. அவள் மேல் ஒரு முள்கூடப் படவில்லை. அவருடைய தோளுக்குள் மட்டும் ஏதோ மறுபடியும் முறிந்தது.